மார்கழி ஓடையைப் பார்த்து நவரை நடுக

பனமலை என்ற பெயரில் இருப்பது பனை, பனி அன்று. செஞ்சிக்குத் தெற்கே உள்ள அந்தக் குன்றின்மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கோயிலில் குடிகொண்டுள்ள இறைவனுக்குத் தாலகிரீசுவரர் என்று பெயர். தாலம் என்றால் பனை. குன்றின் காலடியில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் அதன் கரைமேல் நடப்பவரின் கால் நனையும் அளவுக்குப் புல்லில் பனி படிந்திருக்கும். வெயில் ஏறினால் அந்தப் பனி இருந்த இடம் தெரியாது. ஏரிக்கு அதனால் ஒரு படி தண்ணீர்கூடச் சேர்வதில்லை.

புல்நுனியில் நிற்கும் துளிக்கும், இமயமலையில் ஆளுயரம் குவியும் வெண்பனிக்கும் தமிழில் பெயர் ஒன்றே. பெயர் ஒன்றாக இருப்பதால் நீர்க்கணக்கும் ஒன்றாகிவிடாது. குளிர்காலம் ஒரு மலையின் ஓடையை எப்படி நடத்துகிறது என்பது அந்த மலையின் உயரத்தைப் பொறுத்தது. செஞ்சி வட்டாரத்து விவசாயி தை மாதத்தில் நெல் நடுவதா, உளுந்து விதைப்பதா என்ற கேள்வியும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

பனிமலையின் குதிர்

இமயத்தின் மேற்குப் பகுதிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்றுச் சுழல்கள் ஈரத்தைக் கொண்டு வருகின்றன. காற்று போதிய குளிராக இருந்தால் அந்த ஈரம் வெண்பனியாக விழுந்து மலையிலேயே தங்கிவிடுகிறது. புதிதாக விழுந்த பனி பத்து செ.மீ. கனம் இருந்தால், உருகும்போது ஏறக்குறைய ஒரு செ.மீ. மழைக்குச் சமமான நீர் கிடைக்கும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அது மெல்ல உருகி ஜீலம், செனாப், சட்லெஜ் நதிகளில் இறங்குகிறது. அறுத்த நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக் குத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. அந்தக் குதிருக்குக் குளிர்தான் காவல்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? மொத்த ஈரம் குறையாவிட்டாலும், வெப்பம் ஓரிரு டிகிரி கூடினாலே, பனியாக விழவேண்டியதில் ஒரு பகுதி மழையாக விழுந்து அன்றே ஓடிவிடும். விழுந்த பனியும் முன்னதாகவே உருகத் தொடங்கும். ஓடையில் குளிர்காலத்து நீர் கூடும். பயிருக்குத் தேவைப்படும் கோடையில் குறையும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதை 2015இல் கண்டது. அந்தக் குளிர்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்தது. ஏப்ரல் முதல் நாள் சியரா நெவாடா மலையில் பனியை அளந்தபோது, வழக்கமாக இருக்கவேண்டியதில் 5 சதவீதம்தான் இருந்தது. மழை அந்த அளவுக்குப் பொய்த்துவிடவில்லை. பனியைச் சேர்த்து வைக்கும் குளிர்தான் பொய்த்தது. காஷ்மீரத்தின் குல்மார்க்கிலும் 2024 ஜனவரியில் பனி மூடியிருக்க வேண்டிய சரிவுகள் வெறும் தரையாகக் கிடந்தன.

செஞ்சி மலைக்குக் குதிர் இல்லை

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி 240 மீட்டர் உயரம் உள்ளது. அடிவாரத்தைவிட உச்சி ஒன்றரை டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் அதுவே பெரிது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிலேயே உறைபனி புல்லைக் கருக்குகிறதே தவிர, வெண்பனி குவிவதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் எந்த மலைக்கும் குளிர் காவல் காப்பதில்லை. இங்கே குளிர்கால மழை என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. வானிலைத் துறை குளிர்காலம் என்று கணக்கிடும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் செஞ்சிப் பக்கம் பெய்வது சொற்பம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததைத்தான் தை, மாசி, பங்குனியில் ஓடை கொடுக்க வேண்டும். வைத்துக் கொடுக்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானை யானையாகப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். பாறைமேல் விழும் மழை நிற்பதில்லை. சில மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். பாறை இடுக்கிலும் சரிவிலும் மண் தங்கி, அதில் காரையும் சூரையும் புல்லும் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் கதை வேறு. அங்கே நீர் மண்ணுக்குள் இறங்கி, சிதைந்த பாறைப் படுகையில் ஊறி, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் கசிந்து வரும். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஓடையில் தெளிந்து ஓடுவது இந்தக் கசிவு நீர்தான். கலங்கிய வெள்ளம் மலையின் செலவு என்றால், தெளிந்த கசிவு மலையின் சேமிப்பு.

கோட்டையைக் கட்டியவர்கள் இதை அறிந்தவர்கள். ராஜகிரி உச்சியில் சுனை, அடிவாரத்தில் சக்கரகுளம், அரண்மனைப் பகுதிக்கு நீரைக் கொண்டுசெல்ல மண்குழாய் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பாறையில் விழுந்ததைப் பிடித்து வைத்திராவிட்டால், மதிலும் பீரங்கியும் மட்டும் அத்தனை ஆண்டுகள் தாங்கியிருக்கா. இன்று கோட்டையைப் பார்க்க வருபவர்கள் கல்யாண மகாலைப் பார்க்கிறார்கள். குளத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

மலையின் மேல் என்ன வளர்கிறது என்பதைப் பொறுத்து ஓடை மாறும் என்பதற்கு நீலகிரியில் நல்ல சான்று உண்டு. உதகையில் உள்ள மத்திய மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அருகருகே வைத்து அளந்தது. ஒன்றில் இயற்கையான புல்வெளியை விட்டுவிட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் தைல மரம் நட்டார்கள். மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் சுற்றில் ஓடை நீர் 16 சதவீதமும், வெட்டிய பின் மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. மழை இல்லாத காலத்துக் கசிவு நீர் இன்னும் மோசமாகக் குறைந்தது. பச்சையாகத் தெரிவதெல்லாம் ஓடைக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. செஞ்சிச் சரிவுகளுக்கு நீலகிரி அளவுகளை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சரிவில் எதை நடுவது என்று முடிவு செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துவிட்டு நடுவது நல்லது. சரிவுக்கு ஏற்றது அங்கே தானாக முளைக்கும் புதரும் புல்லுமே. கோடையில் தீ வைக்காமலும் ஆடுகளை வரைமுறையின்றி விடாமலும் காத்தாலே போதும். அது தானே தேறிக்கொள்ளும்.

வெப்பம் இங்கே என்ன செய்கிறது?

பனி இல்லாத ஊரில் குளிர்கால வெப்பத்துக்கு வேலை இல்லை என்று நினைப்பது தவறு. அது இரண்டு வழிகளில் ஓடையைத் தொடுகிறது.

முதலாவது, மழை வரும் விதம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். கடலும் சூடாக இருந்தால், வரும் மழை கொட்டித் தீர்க்கும் மழையாக வர வாய்ப்பு கூடுகிறது. பத்து நாட்களில் பரவலாகப் பெய்யவேண்டியது இரண்டே நாட்களில் விழுந்தால், மண் குடிக்கும் வேகத்தைவிட மழையின் வேகம் மிஞ்சிவிடும். ஆண்டு மழையளவு குறையாமலே ஓடையின் சேமிப்பு குறைகிறது.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, வீடூரை அடுத்த மயிலத்தில் ஒரு நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். அப்படியானால் 50 செ.மீ. என்பது ஐம்பது கோடி லிட்டர். செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆற்றின் குறுக்கே உள்ள வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அந்த மழை வெறும் 35 சதுர கிலோமீட்டரில் விழுந்து முழுவதும் ஓடிவந்தாலே, காலியாக இருக்கும் அணை ஒரே நாளில் நிரம்பிவிடும். அதற்குமேல் வருவது கடலுக்குத்தான். இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் 2016இல் நேர்மாறாக நடந்தது. தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 44 செ.மீ. தரவேண்டிய வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு 17 செ.மீ. அளவோடு நின்றுவிட்டது. இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில்தான் செஞ்சி விவசாயி பட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஆவியாதல். தை மாதத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ. நீர் ஆவியாகும். கத்தரி வெயிலில் இது இரு மடங்கு. நான்கு மி.மீ. என்றால் அற்பமாகத் தோன்றும். ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பில் அது 16,000 லிட்டர். நூறு ஏக்கர் பரந்த ஏரியில் நாளொன்றுக்கு 16 லட்சம் லிட்டர். தை முதல் பங்குனி வரை சராசரி 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஏரியில் ஒன்றரை அடி நீர் எந்தப் பயிருக்கும் பாயாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. மார்கழியும் தையும் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தால் இந்த வரி இன்னும் உயரும். மலைச்சரிவில் உள்ள செடிகொடிகளும் அதிகம் உறிஞ்சும். சிறு ஓடைகளில் பகலில் நீர் சற்றுக் குறைந்து இரவில் சற்றுக் கூடுவதைக் கவனித்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். பகலில் மரம் குடிக்கிறது, இரவில் விட்டுவிடுகிறது.

குளிர்ந்த மார்கழிக்கு இன்னொரு முகமும் உண்டு. நவரை நாற்று குளிரில் மஞ்சளித்து வளர்ச்சி குன்றும். நிலக்கடலை முளைக்க நாட்கள் கூடும். ஆனால் நீர்க்கணக்கில் பார்த்தால் குளிர் நண்பனே.

கடைமடை ஏரியின் நிலை

பனமலை ஏரியின் கதை தனி. திருவண்ணாமலை மாவட்டத்தில் துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் தொடங்கும் நந்தன் கால்வாய், வழியில் இரு மாவட்டங்களின் ஏரிகளுக்கும் நீர் தந்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சேர்கிறது. மொத்தம் 36 ஏரிகள். கால்வாயின் நீளம் ஏறக்குறைய 38 கி.மீ. வரிசையில் கடைசியாக நிற்பவருக்குப் பந்தியில் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மலை ஓடைகள் சில நாட்களே பெருகும். அந்தச் சில நாட்களுக்குள் 38 கி.மீ. கால்வாய் வழியே நீர் ஓடி வந்து சேர வேண்டும். இடையில் ஓரிடத்தில் கரை உடைந்திருந்தாலும், வேலிக்காத்தான் அடைத்திருந்தாலும் அந்த ஆண்டு போயிற்று.

சாத்தனூர் அணையின் நீரை இந்தக் கால்வாயோடு இணைக்க வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் மிகைநீர் என்பது பெரும்பாலும் மிகையாக மழை பெய்யும் நாட்களில் வருவது. சாத்தனூர் வழிகிற அதே வாரங்களில் செஞ்சிப் பக்கத்து ஓடைகளும் பெருகியிருக்கக் கூடும். வரும் நீரை வாங்கிக்கொள்ளக் கால்வாயும், வைத்துக்கொள்ள ஏரியும் ஆயத்தமாக இல்லாவிட்டால், எந்த ஆற்றை எதனோடு இணைத்தும் பயன் சிறிதே. வெகுதூரத்து நீரைக் கேட்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை, புரட்டாசிக்குள் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதில் காட்டினால் கடைமடைக்கு விடிவு விரைவில் வரும். பணிகள் நடக்காமல் இல்லை. பல ஆண்டுகளில் அவை மழை தொடங்கிய பின் நடப்பதுதான் குறை. ஐப்பசியில் தோண்டிய மண் கார்த்திகையில் கால்வாய்க்குள்ளேயே போய்விடுகிறது.

நவரை முடிவு எப்போது?

இப்போது விவசாயிகளிடம் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கார்த்திகையில் ஏரி கலிங்கல் வழிந்தால் ஊரில் உற்சாகம் பிறந்துவிடுகிறது. உடனே நவரை நாற்று விடுகிறார்கள். மாசிக் கடைசியில் பயிர் பொதி கட்டும் நேரத்தில் மதகில் நீர் வராது. கிணறு உள்ளவர்கள் சமாளிக்கிறார்கள். இல்லாதவர்கள் விலைக்கு நீர் வாங்கி, விளைச்சலில் பாதியை இழக்கிறார்கள். கலிங்கல் வழிந்தது மழையின் வேகத்தைக் காட்டும். மலை எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவது மார்கழிக் கடைசி வாரத்து ஓடை. மழை ஓய்ந்து பத்து நாட்கள் ஆன பிறகும் ஏரிக்கு வரும் ஓடையில் தெளிந்த நீர் ஓடினால், மலையில் கையிருப்பு உண்டு என்று பொருள். ஓடை அதற்குள் மணலாகிவிட்டால், ஏரியில் நிற்பதுதான் மொத்தச் சொத்து. அதிலும் ஒன்றரை அடி வெயிலுக்கு.

நெல்லுக்கு ஏறக்குறைய 120 செ.மீ. நீர் தேவை. நிலக்கடலைக்கு 50 செ.மீ., உளுந்துக்கு 30 செ.மீ. போதும். ஓர் ஏக்கர் நவரை நெல்லுக்கு ஆகும் நீரில் நான்கு ஏக்கர் உளுந்து விளையும். கேழ்வரகும் எள்ளும் இவ்வாறே சிக்கனமானவை. நிலக்கடலைக்குத் தேவையான ரகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இதற்கு விவசாயிகள் கூறும் மறுப்பில் உண்மை இருக்கிறது. ஏரிப் பாசன நிலத்தில் ஒருவர் உளுந்து விதைத்து, மேல்மடைக்காரர் நெல் நட்டால், கசிவு நீர் நின்று உளுந்து அழுகிப்போகும். தனி ஒருவரின் சிக்கனம் இங்கே தண்டனையாகிறது. ஆகையால் இது வீட்டுக்கு வீடு எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. மதகு வாரியாக எடுக்கவேண்டிய முடிவு. ஒரு மதகின் கீழ் நெல் என்றால் அனைவரும் நெல். மற்றொன்றின் கீழ் புன்செய்ப் பயிர் என்றால் அனைவரும் புன்செய்ப் பயிர். நீர் குறைந்த ஆண்டில் எந்த மதகு எதற்கு என்பதை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். இன்னும் வறண்ட ஆண்டுகளில் மதகையே திறக்காமல் ஏரியைக் கசிவு நீர்க் குட்டையாக வைத்திருந்து, கீழேயுள்ள கிணறுகள் மூலம் பாசனம் செய்வதும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடப்பதே. கிணறு இல்லாதவருக்கு அதில் பங்கு எப்படி என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் மட்டும் சண்டை வரும்.

இவற்றுக்கெல்லாம் அளவு வேண்டும். மழையை அளக்க அரசு மானிகள் உள்ளன. அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிறது. சிற்றேரிகளுக்கும் அவற்றுக்கு வரும் மலை ஓடைகளுக்கும் அத்தகைய கணக்கு அரிது. பெரிய கருவிகள் தேவையில்லை. மதகுத் தூணில் அடிக்குறி தெளிவாக இருக்க வேண்டும். ஓடை ஏரியில் சேரும் இடத்தில் ஓர் அடிக்கோல் நட வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை வாரம் ஒரு முறை, அதே கிழமையில், அதே காலை நேரத்தில் நீர்கட்டியோ பாசன சங்கத்து இளைஞர் ஒருவரோ இரண்டையும் பார்த்து எழுதினால் போதும். ஐந்தாறு ஆண்டுகள் எழுதினால், எந்த மார்கழி அளவுக்கு எத்தனை ஏக்கர் நவரை தாங்கும் என்பதை அந்த ஏட்டைக் கொண்டே சொல்லிவிடலாம். வரத்துக் கால்வாயின் நிலையை அக்டோபர் 2 கிராம சபையில் பேச வேண்டும். வார அளவை எழுதி வைக்கப் பால் சங்கத்துக் கரும்பலகை நல்ல இடம். காலையில் பால் ஊற்ற வருபவர் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.